காப்பாளர் என்பதற்கு எளிய சொல்

மக்கள் கலைக்கூடம் தன்னுடைய எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவை முன்னிட்டு, இறந்து முப்பது வருடமான ஒரு மனிதரைப் பதவியிறக்கம் செய்தது. அந்தச் செய்தி அவருடைய மகனுக்குக் கனத்த உறையில், தங்க எழுத்தில், தபாலில் வந்து சேர்ந்தது.

அந்த மகனை எல்லாரும் ஒற்றர் என்பார்கள். உளவு பார்த்தவர் அல்லர். முப்பத்தெட்டு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். க், ச், த், ப் என்ற நான்கு ஒற்றுகளில் ஒன்று எங்கே விடுபட்டிருந்தாலும், அது மருந்துச் சீட்டோ பேருந்து நிலைய அறிவிப்போ, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனா வெளியே வந்துவிடும். அச்சுக் கோப்பவர்கள் வைத்த பெயர் அச்சகத்திலிருந்து தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. கோபம் வந்தால் மனைவியே அப்படித்தான் கூப்பிடுவாள்.

உறைக்குள் ஒரு கடிதம் இருந்தது.

"எமது நிறுவனத்தின் முதல் காவலாளியாகப் பணியாற்றிய தங்கள் தந்தையாரின் எளிய சேவையைப் போற்றும் வகையில், அன்னாரின் வாரிசாகிய தங்களை விழா மேடையில் கௌரவிக்க உள்ளோம். வரலாற்று நூலின் பதினான்காம் பக்கம் தங்கள் பார்வைக்கு இணைக்கப்பட்டுள்ளது."

பதினான்காம் பக்கத்தை ஒற்றர் மூன்று முறை படித்தார். 'காவலாளி' என்ற சொல் ஆறு இடங்களில் வந்தது. பக்கத்தில் ஒற்றுகள் விடுபட்டிருந்தன; ஆனால் அந்தச் சொல்லில் ஆறு இடத்திலும் எழுத்துப் பிழை இல்லை. வெளியே எடுத்த சிவப்புப் பேனாவை மூடித் திரும்பப் பையில் செருகினார். பிழை என்றால் திருத்திவிடலாம். இது பிழையில்லாமல் எழுதப்பட்ட பொய்.

அப்பா ஒரு சவுக்காரத் தொழிற்சாலையில் சோப்பு உறைகளுக்குப் படம் வரைந்தவர். தொழிற்சாலை மூடப்பட்டபோது, முதலாளியின் வீட்டுக்குப் பதினொரு முறை நடந்து, சவுக்காரம் காயவைத்த கொட்டகையை வாடகைக்கு வாங்கினார். பிறகு வீடு வீடாகப் போய், தையற்காரர் வரைந்தது, மருந்துக்கடைக்காரர் மனைவி வரைந்தது, தபால்காரர் வரைந்தது என்று நாற்பத்து மூன்று ஓவியங்களைக் கேட்டு வாங்கிவந்தார். எதை எங்கே மாட்டுவது என்று அவரே முடிவு செய்து, ஒவ்வொன்றின் கீழும் ஓர் அட்டை எழுதி ஒட்டினார். சனிக்கிழமைகளில் அதே கொட்டகையில், சவுக்காரப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் ஓவியம் சொல்லிக்கொடுத்தார். அதுதான் இன்றைக்கு நுழைவுத் தேர்வு வைத்து நூற்றுக்குத் தொண்ணூறு பேரைத் திருப்பி அனுப்புகிற ஓவியப் பள்ளி. பத்தொன்பது வருடம் அப்பா வகித்த பொறுப்புக்குப் பெயர் காப்பாளர். ஓவியங்களைத் தேர்ந்து, பேணி, மக்களுக்குக் காட்டுகிறவர் என்று பொருள்.

தொலைபேசி அலறியது. அக்கா. அவளுக்கும் உறை போயிருந்தது.

"என்னடா இது? அப்பாவைக் கொண்டுபோய் வாசல்ல நிக்க வெச்சுட்டாங்க!"

"நானும் பார்த்தேன்க்கா."

"பார்த்துட்டு? ஊர்ல இருக்கற எழுத்துக்கெல்லாம் காலு போடுவே, கொம்பு போடுவே. பெத்த அப்பனுக்கு ஒரு வார்த்தை போட மாட்டியா? சம்பந்தி வீட்டுக்கும் ஒண்ணு அனுப்பியிருக்காங்கடா. அந்த அம்மா போன் பண்ணி, 'அப்படியா, எங்ககிட்ட இதைச் சொல்லவே இல்லையே'ன்னு இழுக்கறா. என்னமோ நாம மூடி மறைச்ச மாதிரி!"

"நாளைக்கே போறேன்."

"போ. கையைக் கட்டிக்கிட்டு நிக்காதே. அப்பா கட்டின இடம் அது."

மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "வாட்ச்மேன்னா என்ன இப்போ? நேர்மையான வேலைதானே?"

"நேர்மையான வேலைதான். ஆனா அப்பா செய்யாத வேலை. செய்யாத வேலைக்குப் பேர் வாங்கற வழக்கம் எங்க குடும்பத்துல இல்ல."

"செஞ்ச வேலைக்கும் வாங்கினதில்லையே," என்றாள் அவள், தலை நிமிராமல்.

*

கலைக்கூட வாசலில் இப்போதைய காவலாளி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் நான்கு நிறத்தில் ஸ்டிக்கர்கள் இருந்தன. புரவலருக்குத் தங்க நிறம், கலைஞருக்கு மஞ்சள், மாணவருக்குப் பச்சை, பராமரிப்புக்குச் சாம்பல்.

"நீங்க எதுங்க சார்?"

"நான் எதுவும் இல்ல. ஒரு தப்பைச் சொல்ல வந்திருக்கேன்."

"அதுக்கு ஸ்டிக்கர் இல்லையே சார். இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல." காவலாளி உண்மையாகவே வருந்தினார். "என்ன தப்பு?"

ஒற்றர் சொன்னார். காவலாளியின் முகம் சுருங்கியது.

"என்னை எதிர்ல வெச்சுக்கிட்டே, வாட்ச்மேன்னு சொன்னது அவமானம்ங்கறீங்க."

"அவமானம்னு சொல்லல. தப்புங்கறேன். நாளைக்கு உங்களை டைரக்டர்னு புத்தகத்துல போட்டா ஒத்துப்பீங்களா?"

காவலாளி மேலும் கீழும் பார்த்தபடி யோசித்தார். "மீட்டிங்குக்கெல்லாம் போகணுமா?"

"தினமும்."

"அப்ப அது தப்புத்தான் சார்," என்று ஒத்துக்கொண்டு, ஒற்றரின் சட்டையில் சாம்பல் நிற ஸ்டிக்கரை ஒட்டினார். "இதுதான் எல்லாக் கதவுக்கும் செல்லும். தங்கம்கூட முன் கூடத்தோட சரி."

உள்ளே நீண்ட சுவரில் நிறுவனத்தின் வரலாறு எழுதப்பட்டிருந்தது. ஒற்றர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படித்தார். இருபத்தைந்தாம் ஆண்டில் வெளியான வரலாற்றின்படி, கலைக்கூடத்தை ஒன்பது பேர் சேர்ந்து தொடங்கினார்கள். ஐம்பதாம் ஆண்டு வரலாற்றில் அந்த ஒன்பது பேரும் கரைந்து, கொட்டகையை வாடகைக்கு விட்ட முதலாளி ஒருவரே 'கொடையாக அளித்து' நிறுவியிருந்தார். எழுபத்தைந்தாம் ஆண்டில் நிறுவனர் என்று ஆளே கிடையாது. 'இந்த இடத்தை ஒரு கனவு நிறுவியது' என்று மட்டும் இருந்தது. இப்படியே போனால் நூறாவது ஆண்டில் கலைக்கூடம் தொடங்கப்படாமலே போய்விடும் என்று ஒற்றருக்குத் தோன்றியது.

வரலாற்று ஒருங்கிணைப்பாளர் என்ற பலகை போட்ட அறையில் ஓர் இளம்பெண் இருந்தாள். மிகவும் மரியாதையான பெண். அந்த மரியாதையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போக ஒரு வழியும் இல்லை.

"நீங்கதான் அவரோட மகனா சார்? எங்க எல்லாருக்கும் அப்பாவை ரொம்பப் பிடிக்கும்! புத்தகத்துலயே மனசைத் தொடற பக்கம் அதுதான்."

"அவர் வாட்ச்மேன் இல்லம்மா. காப்பாளர்."

"அதேதான் சார். பழைய குறிப்புல 'காப்பாளர்'னுதான் இருந்துச்சு. எளிமைப்படுத்தும் குழுதான் 'காவலாளி'ன்னு மாத்திச்சு. படிக்கிறவங்களுக்குப் புரியணுமில்லையா?"

"காப்பாளர் வேற, காவலாளி வேற."

"ரெண்டு பேரும் காக்கறவங்கதானே சார்?"

ஒற்றர் மூச்சை இழுத்து விட்டார். "இங்க இருக்கற ஓவியங்களைத் தேர்ந்தெடுத்து, எதை எங்க மாட்டணும், அதைப் பத்தி என்ன எழுதணும்னு பார்க்கறது யாரும்மா?"

"க்யூரேட்டர்."

"அதுக்குத் தமிழ்ல என்ன?"

அவள் நேர்மையாக யோசித்தாள். "க்யூரேட்டர்தான் சார்."

"காப்பாளர்! அதுக்குப் பேர்தான் காப்பாளர்!"

"ஐயோ, அப்படிக் கூப்பிட்டா அவர் வருத்தப்படுவார் சார். ரெண்டு பட்டம் வாங்கினவர்."

பிறகு அவள் ஒரு படிவத்தைக் கொடுத்தாள். அதன் பெயர் மாற்றக் கோரிக்கைப் படிவம். ஒற்றர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதிலிருந்த மூன்று ஒற்றுப் பிழைகளை முதலில் திருத்திவிட்டு, பிறகு நிரப்பத் தொடங்கினார். 'மறைந்தவருக்கும் கோருபவருக்கும் உள்ள உறவு' என்ற இடத்தில் 'மகன்' என்று எழுதியதும் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மகன்னா செல்லாது சார். தனிப்பட்ட நலன் வந்துடும். நடுநிலையான ஒருத்தர்தான் எழுதணும்."

"நடுநிலையானவங்களுக்கு எங்க அப்பாவைத் தெரியாதே?"

"அதனாலதான் சார் அவங்க நடுநிலை."

"சரி. முதல் வருஷப் பதிவேட்டுல அப்பாவோட பதவி கைப்பட எழுதியிருக்கு. முதல் பக்கம். அதை எடுத்துப் பாருங்க."

பதிவேடு பத்திரமாகத்தான் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள், நான்கு விளக்கொளியில், ஒன்றும் எழுதாத ஒரு பக்கத்தில் திறந்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஓர் அட்டை: 'இன்மை. தாளும் மௌனமும்.'

"இது எழுதாத பக்கமாச்சேம்மா."

"ஆமா சார். அதுதான் நிறையப் பேசுது."

"முதல் பக்கத்துக்குத் திருப்புங்க."

"வருஷத்துக்கு ஒரு பக்கம்தான் திருப்புவோம் சார். கையுறை போட்ட ரெண்டு பேர், ஒரு சாட்சி. போன மாசம்தான் திருப்பினோம். அதுவும் பின்பக்கமாத் திருப்ப முடியாது. வரலாறு முன்னோக்கித்தான் போகணும். அது எங்க கொள்கை."

ஒற்றர் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வந்தார். முதல் பக்கம் இருநூறு தாள்களுக்குக் கீழே, ஒரு முழம் தூரத்தில் கிடந்தது. அப்பாவின் கையெழுத்தில் 'ப்' என்ற எழுத்தின் புள்ளி எப்படி இருக்கும் என்றுகூட அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? மகன்.

போகும் வழியில் அந்தப் பெண் பெருமையோடு புதிய கூடத்துக்குள் அழைத்துப் போனாள். 'காணாத கைகள்' என்று கூடத்துக்குப் பெயர். நடுவில் ஒரு மர நாற்காலி. அதன்மேல் சாய்த்து, முனையில் துணிப்பந்து கட்டிய நீண்ட கோல் ஒன்று. ஒற்றர் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். அது அப்பாவுடைய கோல். பெரிய படம் வரையும்போது தூரிகை பிடித்த கை நடுங்காமலிருக்க, ஓவியர்கள் குறுக்கே ஊன்றிக்கொள்கிற கோல். படத்தில் கீறல் விழாதிருக்க முனையில் துணி கட்டியிருப்பார்கள். அந்தத் துணி அம்மாவின் பழைய புடவை.

அட்டையில் எழுதியிருந்ததை அவர் வாய்விட்டுப் படித்தார். "முதல் காவலாளியின் தடி. திருடனுக்கும் வலிக்கக் கூடாது என்று முனையில் துணி சுற்றிய அந்த எளிய மனிதரின் மனிதநேயம் இன்றும் நம்மை நெகிழவைக்கிறது."

"நிறையப் பேர் இங்க நின்னு அழறாங்க சார்," என்றாள் அவள்.

"நானும் அழுதுடுவேன் போலிருக்கும்மா," என்றார் ஒற்றர்.

*

பதிவேடு கிடைக்காவிட்டால் என்ன? அப்பாவின் நியமனக் கடிதம் வீட்டு அலமாரியில் இருந்தது. முத்திரை, தொடங்கிய ஒன்பது பேரின் கையெழுத்து, நடுவில் அடிக்கோடிட்ட 'காப்பாளர்'. மூன்று முறை தொலைபேசியில் கெஞ்சி, இரண்டு முறை படியேறி, கடைசியில் வரலாற்றுக் குழுவின் முன்னால் பதினைந்து நிமிடம் வாங்கினார் ஒற்றர். வெளுத்துத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போனார். சட்டையில் அதே சாம்பல் ஸ்டிக்கர்.

குழுவில் மூன்று பேர்: இயக்குநர், க்யூரேட்டர், ஓவியப் பள்ளி முதல்வர். கடிதம் கைமாறிக் கைமாறிப் போயிற்று.

"'சாவிகள் யாவும் இவர் பொறுப்பில் இருக்கும்'," என்று படித்தார் க்யூரேட்டர். முகம் மலர்ந்தது. "சாவி! பார்த்தீங்களா? நாம சொன்னது சரியாப் போச்சு."

"அதுக்கு மேல் வரியில காப்பாளர்னு இருக்கே!"

"அது பதவி. சாவிதானே வேலை?"

இயக்குநர் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். அவர் பேசத் தொடங்கினால் எதிரில் ஒருவர் இருந்தாலும் ஒலிபெருக்கி இருப்பதாகவே நினைத்துக்கொள்வார்.

"ஐயா, உங்க வருத்தம் புரியுது. ஆனா நீங்க எங்களைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. பதவி, பட்டம், அதிகாரம், இதுக்கெல்லாம் நாங்க மதிப்புக் கொடுக்கறதில்ல. அதை என் அறையில பெரிசா எழுதியே மாட்டியிருக்கேன். நாலு உதவியாளர்களும் தினமும் அதைப் படிக்கிறாங்க. நாங்க அடித்தட்டு மக்களைக் கொண்டாடற நிறுவனம். கொண்டாடறதுக்கு அடித்தட்டுல ஒருத்தர் வேணும். தேடினோம், கிடைக்கல. அதனாலதான் உங்க அப்பாவை அடித்தட்டுக்குக் கொண்டுவந்தோம். எவ்வளவு பெரிய கௌரவம்!"

பள்ளி முதல்வர் தொண்டையைச் செருமினார். "நான் நடைமுறையாச் சொல்றேன். இப்ப க்யூரேட்டர் ஆகணும்னா எங்ககிட்ட ஆறு வருஷம் படிக்கணும். முதல் க்யூரேட்டர் சவுக்கார உறைக்குப் படம் போட்டவர், ஆறு நாள்கூடப் படிக்காதவர்னு புத்தகத்துல வந்தா, பசங்க கேக்க மாட்டாங்களா, நாங்க எதுக்கு ஆறு வருஷம்னு? வாட்ச்மேன்னா அந்தத் தொல்லை இல்ல. அதுக்குத் தகுதி வேணாம்."

"எங்க அப்பாகிட்ட படிச்சவங்கதானே உங்க பள்ளிக்கூடத்துக்கே முதல் வாத்தியார்ங்க?"

"அதையும் நாங்க எங்கயும் எழுதலையே," என்றார் முதல்வர் ஆறுதலாக.

க்யூரேட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், அவர் வாட்ச்மேன் இல்லைன்னா அந்தக் கோல் வெறும் குச்சி சார். ரெண்டு வருஷம் அதைப் பத்தி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கேன்."

பதினைந்து நிமிடம் முடிந்தது. கடிதத்தைக் 'காணாத கைக'ளுக்குத் தரும்படி க்யூரேட்டர் கேட்டார். ஒற்றர் அதை வெடுக்கென்று பிடுங்கிச் சட்டைப் பையில் திணித்தார். திணித்தபோது சிவப்புப் பேனா கீழே விழுந்து உருண்டது.

இயக்குநர் அதை எடுத்துப் பார்த்தார். "நீங்க பிழை திருத்தறவரா? அட! எங்க புத்தகத்துக்கு ஆள் இல்லாமத் தவிக்கிறோம். பழைய ஆள் முப்பதாம் பக்கத்துல வேலையை விட்டுட்டுப் போயிட்டார். வியாழக்கிழமை அச்சுக்குப் போகணும். உங்க குடும்பத்தோட சேவை தொடர்ந்த மாதிரியும் இருக்கும். ஒரே நிபந்தனை. சொல் எல்லாம் குழு ஒப்புதல் கொடுத்தது. ஒற்று, புள்ளி, காற்புள்ளி, இதோட நிறுத்திக்கணும். ஒரு சொல்லைக்கூடத் தொடக் கூடாது."

வேறு யாராயிருந்தாலும் எழுந்து போயிருப்பார்கள். ஒற்றரும் எழுந்துவிட்டார். ஆனால் பதினான்காம் பக்கம் தன் கைக்கு வரும் என்ற நினைப்பு அவரைத் திரும்ப உட்காரவைத்தது.

"அதை எழுத்துல கொடுங்க," என்றார்.

"எதுக்கு?"

"நீங்க எழுத்துல இல்லாததை நம்ப மாட்டீங்க. இன்னிக்கு எழுத்துல இருந்தாலும் நம்பலை. இருந்தாலும் கொடுங்க."

இயக்குநர் சிரித்துக்கொண்டே நிறுவனத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்: 'எக்காரணம் கொண்டும் எச்சொல்லையும் மாற்றலாகாது.'

*

முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், மூன்று நாள். சாப்பாட்டு மேசையில் தாள்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார் ஒற்றர். புத்தகம் ஒற்றுகளின் பஞ்சப் பிரதேசமாக இருந்தது. சிவப்புப் பேனா இடைவிடாமல் ஓடியது.

மூன்றாம் பக்கத்தில் இயக்குநரின் வாழ்த்துரை. அதில் ஓர் இடத்தில் பேனா நின்றது. ஒற்றர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

"அம்மா, மூணாம் பக்கத்துல ஒரு சொல்லு..."

"சொல்லா சார்?" வரலாற்று ஒருங்கிணைப்பாளரின் குரல் பதறியது. "சொல்லெல்லாம் ஒப்புதல் ஆயிடுச்சு சார். மாத்தணும்னா படிவம் போடணும். குழு அடுத்த மாசம்தான் கூடும்."

"பார்த்தாலே தெரியற பிழைம்மா. ஒரே ஒரு எழுத்து."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க," என்றாள் அவள் மரியாதையாக.

ஒற்றர் தொலைபேசியை வைத்தார். பதினான்காம் பக்கத்தை எடுத்தார். 'காவலாளி'யின் தலைக்குமேல் சிவப்புப் பேனா வெகுநேரம் நின்றது. மனைவி பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"அடிச்சு மாத்திடுங்களேன். அச்சாகி வந்தப்புறம் யாரு என்ன பண்ண முடியும்?"

"முப்பத்தெட்டு வருஷத்துல ஒருத்தர் சொல்லையும் நான் தொட்டதில்ல. எவ்வளவு அபத்தமா எழுதினாலும் பக்கத்துல கேள்விக்குறி போட்டு அனுப்புவேன், அவ்வளவுதான். அப்பாவுக்காகத் தொட்டா, அவர் பின்வாசல் வழியா உள்ளே போன மாதிரி ஆயிடும். அவர் முன்வாசல் திறந்தவர்."

"அதுக்காக வாசல்லயே நிக்கட்டும்ங்கறீங்களா?"

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. கடைசியில் 'முதல் காவலாளியாக பணியாற்றிய' என்ற இடத்தில், 'காவலாளியாக'வுக்குப் பக்கத்தில் ஒரு 'ப்' போட்டார். தன் தகப்பனாரைக் காவலாளியாக்கிய வாக்கியத்தை இலக்கண சுத்தமாக்கிக் கொடுத்தார். ஆறு இடத்திலும். பிறகு மூன்றாம் பக்கத்துக்குத் திரும்பி, அங்கேயும் விடுபட்டிருந்த ஒரே ஒரு 'க்'கைச் சேர்த்துவிட்டு, தாள்களைக் கட்டி அனுப்பினார்.

*

விழா நாளில் ஒற்றரை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். முதல் காவலாளியின் வாரிசுக்கு ஒரு டார்ச் விளக்கு வழங்கப்படும் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அக்கா வர மறுத்துவிட்டாள். சம்பந்தியம்மா மட்டும் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

புதுப் புத்தகத்தைப் பிரித்து இயக்குநர் தம் வாழ்த்துரையைப் படித்தார். அதை எழுதியவர் வேறொருவர் என்பதால் அவரும் அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தார். எழுத்தில் இருப்பதை ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பதில் அவர் வல்லவர்.

"எழுபத்தைந்து ஆண்டுகளில் எத்தனையோ இயக்குநர்கள் வந்தார்கள், போனார்கள். ஆனால் இந்நிறுவனத்தின் கொள்ளை மட்டும் மாறவே இல்லை!"

முன்வரிசையில் தங்க ஸ்டிக்கர்கள் பழக்கத்தின் காரணமாகக் கைதட்டின. கைதட்டல் கொடுத்த தெம்பில் இயக்குநரின் குரல் உயர்ந்தது.

"அந்தக் கொள்ளையில் மக்கள் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு! இனிவரும் தலைமுறைகளும் இதே கொள்ளையை உறுதியுடன் முன்னெடுத்துச் செல்ல வேண்டும்!"

கதவருகே நின்ற காவலாளிதான் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கு வழியாக. பிறகு பச்சை ஸ்டிக்கர்கள். பிறகு கூடம் முழுவதும். இயக்குநர் தாளைக் கண்ணுக்கருகில் கொண்டுபோனார். ஒற்றர் மட்டும் சிரிக்கவில்லை. 'அந்தக்' என்பதில் க் சரியாக விழுந்திருக்கிறதா என்று தம் கையிலிருந்த புத்தகத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

டார்ச் விளக்கு நிகழ்ச்சி நிரலிலிருந்து காணாமல் போயிற்று. மேடைக்குப் பின்னால் குழுவினர் மூன்று பேரும் ஒற்றரை வளைத்துக்கொண்டார்கள்.

"'கொள்கை'ங்க அது! கொள்கை! பார்த்தாலே தெரியலையா உங்களுக்கு? ஏன் திருத்தலை?" என்று கத்தினார் இயக்குநர்.

ஒற்றர் நிறுவனத் தாளை எடுத்து நீட்டினார். "எச்சொல்லையும் மாற்றலாகாது. கொள்ளைங்கறது ஒரு சொல்லு. எழுத்துப் பிழை இல்லாத சொல்லு. ஒற்று விட்டிருந்தது, போட்டுட்டேன். போன்ல சொல்லியும் பார்த்தேன், படிவம் கேட்டாங்க."

"இது வெறும் கைத்தவறுன்னு குழந்தைக்குக்கூடத் தெரியுமே!"

"பதினாலாம் பக்கமும் அப்படித்தான்."

இயக்குநர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். "இப்ப என்ன பண்ணலாம்ங்கறீங்க?"

"பிழை திருத்தம்னு ஒரு சீட்டு அடிச்சு எல்லாப் புத்தகத்துலயும் ஒட்டணும். ரெண்டு வரி."

"ஒரு வரி போதாதா?"

"ரெண்டு வரி. இல்லைன்னா ஒண்ணும் வேணாம். கொள்ளை இருந்துட்டுப் போகட்டும்."

பதிவேட்டைத் திருப்ப ஒரு வருடமும் குழு கூட ஒரு மாதமும் கேட்ட நிறுவனம், அந்த இரண்டு வரிக்குப் பத்தே நிமிடத்தில் ஒப்புதல் தந்தது. மூன்று பேரும் நின்றபடியே கையெழுத்துப் போட்டார்கள். க்யூரேட்டர் மட்டும் போடும்போது மூக்கை உறிஞ்சினார்.

ஒரு வாரம் கழித்து, திருத்தச் சீட்டு ஒட்டிய புத்தகம் வீட்டுக்கு வந்தது. ஒற்றர் உறையைக் கிழிக்கவில்லை, கத்தரித்தார். நடுவில் தொலைபேசி அடித்தது.

"வந்துடுச்சாடா?" என்றாள் அக்கா. "சம்பந்தி வீட்டுக்காரங்க பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். எழுத்து எழுத்தாப் படி."

ஒற்றர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். சீட்டு வெள்ளைத் தாளில் தெளிவாக அச்சாகியிருந்தது. அச்சுக்குப் போகும் எதுவும் எளிமைப்படுத்தும் குழுவைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதை அவர் மறந்துபோயிருந்தார்.

'பக்கம் 3: கொள்ளை என்று வருமிடங்களில் கொள்கை என வாசிக்கவும்.

பக்கம் 14: காவலாளி என்று வருமிடங்களில் காப்பாளர் (எளிய தமிழில்: காவலாளி) என வாசிக்கவும்.'

"என்னடா சத்தத்தையே காணோம்? படி!"

அவர் மனைவி தோளுக்குமேல் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பக்கம் பதினாலு," என்று படித்தார் ஒற்றர். "காவலாளி என்று வருமிடங்களில்... காப்பாளர்..."

அங்கே நிறுத்தினார். தாளில் அடைப்புக்குறி பிறை நிலாவைப்போல வளைந்து நின்றது. வாழ்நாளில் ஓர் எழுத்தையும் தாண்டிப் படித்தறியாத மனிதர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"...என வாசிக்கவும்."

"அவ்வளவுதானே?" என்றாள் அக்கா. "நடுவுல ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லக்கா."

"கேட்டீங்களா சம்பந்தி?" என்று அந்தப் பக்கம் அவள் குரல் நிமிர்ந்து எழுந்தது. "காப்பாளர்! என் தம்பி படிச்சா அதுல ஒரு புள்ளி தப்பா இருக்காது."